கலங்கல்

வாராவாரம் செவ்வாய், காலை ஏழரை.
கரையின் அடிவாரத்தில்
தகட்டில் வெட்டிய முக்கோண வாய்.
அதன் வழியே அணை கசியும்.
கசியாத மண்ணணை எங்கும் கிடையாது.
எதைக் கூட்டிக்கொண்டு கசிகிறது,
அதைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.

பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில்
பதினொரு வருடமாக ஒரே சொல்: ஜெர்னே.
தெளிவு.
பெருநாளுக்கு முந்தைய நாள், தெளிவு.
விவாகரத்துத் தாள் கைக்கு வந்த நாள்
எழுத்து சற்றே சாய்ந்திருக்கிறது.
தெளிவு.

இந்த அணையில் கான்கிரீட் குறைவு.
நடுவில் வெண்களி மதில்,
இருபுறமும் செம்மண், அதன்மேல் புல்.
கீழே பாலிக் பூலாவ் வயல்கள்,
அதற்கப்பால் கடல்.
ஆடு மேயலாம், மரம் முளைக்கக்கூடாது.
தானாய் வந்த டுரியான் கன்றைப் பிடுங்கும்போது
"நல்ல ஜாதியாக இருந்திருந்தால்?" என்றான் ஜம்ரி.

இரண்டாம் திட்டில் ஒரு புற்று.
இடுப்புயரம். மஞ்சள் துணி கட்டியது
கஸ்தூரி அக்காள்.
பாயான் லெப்பாஸில் இரவு வேலை முடிந்து
வெள்ளிதோறும் மோட்டாரில் வருவார்.
பாக்கெட் பாலைப் பல்லால் கிழித்து ஊற்றுவார்,
முட்டை இரண்டு வைப்பார்.
"வேலியில் பலகை இருக்கே, பார்க்கலையா?"
"உள்ளே இருக்கிறவருக்குப் படிக்கத் தெரியாதேம்மா."
அறிக்கையில் எழுதினேன்:
புற்று, ஒன்று, கண்காணிப்பில்.
நான் கும்பிட்டதை எழுதவில்லை.

அக்டோபரில் நான்கு நாள் மழை.
ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை,
கூடுதல் அளவெடுப்பு.
ஜாம் போத்தலில் பிடித்த நீர்
அரிசி களைந்ததுபோல் இருந்தது.
"சூசு," என்று சிரித்தான் ஜம்ரி,
மேலே பார்த்து.
பாலாகவே இருக்கட்டும் என்று
நானும் மேலே பார்த்தேன்.

போத்தலை வேனின் முன்கண்ணாடியருகே வைத்தோம்.
பால் என்றால் அப்படியே நிற்கும்.
மண் என்றால் உட்காரும்.
குரங்குகள் வந்து கண்ணாடியைப் பார்த்துவிட்டுப் போயின.
ஜம்ரி தொழுகைக்குப் போய்த் திரும்பினான்.
மேலிருந்து கீழாக
மெல்ல மெல்லத் தெளிந்தது நீர்,
அடியில் நகத்தின் கனத்துக்கு வெள்ளை.
நடு மதிலின் வெள்ளை.

அலுவலகம் சொன்னது:
திங்கட்கிழமை கடிதம் போடுங்கள்.
வயலில் நாற்று நட்டுப் பத்து நாள்.
மழை இத்தோடு நின்றால்
இந்தத் தண்ணீர்தான் அவர்களுக்குக் கதிர்.
அணை கடந்த வெள்ளம் அழுதாலும் வராது என்பார்கள்.
நாமே திறந்துவிட்ட வெள்ளமும் வராது.

மதகுச் சக்கரம் துருவேறியிருந்தது.
இருவரும் தொங்கித் தொங்கி
நாற்பத்திரண்டு சுற்று.
ஆறு நாளில் மூன்று மீட்டர் இறங்கியது.

புற்றைத் தோண்டிய நாளில்
கஸ்தூரி அக்காள் வந்து நின்றார்.
மறிப்பார் என்றிருந்தேன்,
துணியை அவரே அவிழ்த்தார்.
உள்ளே வளை
என் கை தோள்வரை நுழைந்தது,
விரல் நுனி ஈரமானது.
பாம்பு இல்லை, ஓர் ஓட்டைக் காணோம், தோலைக் காணோம்.
"போயிட்டாரு," என்றார் அக்காள்.
"தண்ணி வருதுன்னு அவருக்கு
ஒங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

அணை உடையவில்லை.
ஆகவே சொல்ல ஒன்றும் இல்லை.
மழையும் அதன்பிறகு சரியாக வரவில்லை.
மக்சிக் ரொபேயாவுக்கு அந்தப் போகத்தில்
பதினெட்டு மூட்டை குறைந்தது.
சந்தையில் எதிர்ப்பட்டால்
கீரையைப் பார்த்துக்கொள்கிறார்.

போத்தல் இன்னும் என் மேசையில்.
கூட்ட வருகிறவர் இருமுறை
கழுவ எடுத்துப் போனார், ஓடிப்போய் வாங்கினேன்.
இப்போது அவரே அதைச் சுற்றித் துடைக்கிறார்,
தொடாமல்.
அசைந்தால்
மறுபடி பாலாகிவிடுகிறது.