எருதுக்கண்ணும் தொண்டையெரிப்பானும்

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில்
சாரத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.
கைக்குழந்தை என்று நினைத்து
பக்கத்து சீற்காரி சன்னலைச் சாத்திவிட்டாவாம்.

மெர்சின் துறைமுகத்தில் மா மூட்டை ஏற்றிய நாள்
முந்நூறு அடி தள்ளி ஒரு கடையில் வாங்கினது.
துருக்கிச் சிவப்பு. இரண்டு திராட்சையின் கலவை.
ஒன்றுக்கு எருதுக்கண் என்று பெயர்,
கறுத்து உருண்டு ஈரமாய்ப் பார்க்குமாம்.
மற்றது தொண்டையெரிப்பான்.
"உங்கட அம்மாவும் நானும்" என்றேன்.
எது யார் என்று பிலேந்திரன் கேட்கவில்லை.
பதினொரு மாதம் கப்பலில் இருந்தவர்.

பாஸ்கா முடிந்த திங்கள்.
நாற்பது நாள் இறைச்சி தொடாத சட்டி
அடுப்படியில் கவிழ்ந்து கிடந்தது.
பாசையூர் வெயிலில் போத்தல்
காய்ச்சல்காரப் பிள்ளைபோலச் சுட்டது.
வாளியில் வைத்துக் கிணற்றில் இறக்கினோம்.
தண்ணி அள்ள வந்த திரேசம்மா
எட்டிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல்
வெறுங்குடத்தோடு திரும்பிப் போனா.
(பின்னேரம் நெத்தலிப் பொரியலோடு வந்தா.)

தக்கை இழுக்க வீட்டில் ஒன்றுமில்லை.
கதவுப் பிணைச்சலில் ஒரு திருகாணியைக் கழற்றி
தக்கைக்குள் முறுக்கி இறக்கி
குறட்டால் இழுத்தார்.
பாதி வந்தது. பாதி உள்ளே விழுந்தது.
தேத்தண்ணி வடியால் வடித்தோம்.

முதலில் நண்டு.
காலையில் ஏலத்தில் கூவி எடுத்த நீலக்கால்.
வறுத்த மிளகாய்த்தூள் போட்ட என் குழம்பு
இருபது வருடமாக யாரிடமும் தோற்றதில்லை.
ஒரு மிடறு. வாய்க்குள்
நங்கூரத்தை நக்கினமாதிரி.
தூளும் அதுவும் அடிபட்டுக்கொண்டன,
நடுவில் நண்டு செத்தது இரண்டாம் தரம்.

ஒடியல் கூழ் அதை மதிக்கவேயில்லை.

நெத்தலியோடு பரவாயில்லை என்று
திரேசம்மா சொன்னா, நெத்தலி தன்னுடையது என்பதால்.

பிறகு ஆட்டு இரத்த வறை.
தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம்,
பெருஞ்சீரகம் கொஞ்சம், மிளகாய் பேருக்கு.
ஒரு பிடி வாயில் போட்டுக் குடித்தால்
இரும்பு இரும்பைக் கண்டு
சொந்தக்காரரைப்போல விலகி இடம் கொடுத்தது.
எல்லாரும் பேச்சை நிறுத்தினோம்.
மாமி சட்டியைத் தன் பக்கம் இழுத்தா.
ஒரு கரண்டி இரசம் குடித்து, சிலுவை போட்டு,
"பூசையில வைக்கிறது இதைவிட இனிப்பு" என்றா.
கோயில் மணி அடித்தவரின் மகள்.

யாரும் நினையாதது கத்தரிக்காய்.
பொரித்துப் பாலில் போட்ட வெள்ளைக்கறி,
நேற்று மிஞ்சியது, பிட்டோடு.
தொண்டையெரிப்பானை அது
மெத்தையில் கிடத்திவிட்டது.

மோட்டார்க் கடன் திருப்பித் தர வந்த நல்லைநாதன்
உரும்பிராயில் நாலு பரப்பில் பந்தல் போட்டவர்.
நின்றபடி வாங்கினார். வாயில் வைத்தபடி
நெடுநேரம் முழுங்காமல் நின்றார்.
பதமா பிழையா என்று கேட்டோம்.
"உப்புத்தண்ணி படாத வேர்" என்றார்.
காசைத் தந்தார். மற்றக் கிளாசை வாங்கவில்லை.
கேற்றடியில் திரும்பி நின்று
அங்கே என்ன பசளை போடுவினம் என்று கேட்டார்.
பிலேந்திரனுக்குத் தெரியாது.
அவருக்கு அந்த நாட்டில்
கரையும் கிறேனும்தான் தெரியும்.

இரவு அடியில் இரண்டு விரல் மிச்சம்,
தக்கைத்தூளும் கசண்டும்.
பனாட்டுத் துண்டு ஒன்றைக் கடித்தபடி
மாறி மாறிக் குடித்தோம்.
புகைமணமும் புளிப்பும் நாக்கின் ஓரத்தில் சந்திக்க
அவர் சிரித்தார், முன்பல் ஒன்று இல்லை.
எந்தக் கடலில் போனது என்று
எனக்கு எழுதவில்லை.

பதினேழாம் திகதி திரும்பக் கப்பல்.
"அடுத்தமுறை ரெண்டு கொண்டுவரட்டோ?"
நான் சொன்னேன்:
அது கிடக்கட்டும்.
அந்தத் திருகாணியை எங்கே வைத்தீர்கள்?
தேடிப் பூட்டிவிட்டுப் போங்கோ.
கதவு ஒரு பக்கம் தொங்குது,
இரவில் காத்துக்கு அடிக்கும்,
நான் எழும்பி எழும்பிப் பார்க்கவேண்டி வரும்.