ஆயிரத்தோடு நின்ற பந்து

மாரிட்ஸ்பர்க்கில் மழைச் செவ்வாய். ஆறரைக்கு லீக்.
நாலரைக்கே வந்து
வீரன் மூன்சாமி பந்தை என் மேசையில் வைக்கிறார்,
பிள்ளையைத் தராசில் கிடத்துகிற பதனத்தோடு.
பதினைந்து பவுண்டு, ஊதா, மூன்று விரல் துளை.

"கண்ணாடியாக வேண்டும் சிந்தாமணி.
என் வண்டியைப் பார்த்திருக்கிறாய்தானே?"

பார்த்திருக்கிறேன்.
நார்த்டேலில் பாதிப் பேர் அதில் படுத்துப் போனவர்கள்.
கறுப்புப் பானட்டில் மேகம் போகும், ஜகரண்டா போகும்,
அழுகிற முகங்கள் வரிசையாகப் போகும்.
ஒரு கீறல் கிடையாது.
ஆனால் அது மெல்லப் போகிற வண்டி,
நேரே போய்ச் சேர்ந்தால் போதும்.
இந்தப் பந்துக்கோ
கடைசிப் பதினாறு அடியில்
திடீரென்று இடப்பக்கம் ஞாபகம் வரவேண்டும்.

காலையில் லுங்கேலோ
நாற்பத்து நாலடிக்கு எண்ணெய் விட்டிருக்கிறான்.
விரலால் தொட்டுப் பார்த்தேன்.
தாளிக்கலாம்.

முதலில் வெந்நீர்.
போன மாதத்து எண்ணெயெல்லாம்
பந்தின் கண்ணுக்குத் தெரியாத துவாரங்களிலிருந்து
வியர்த்து வருகிறது.
துடைத்தேன். மறுபடி வியர்த்தது. மறுபடி துடைத்தேன்.
பிறகு சுழலியில் ஏற்றி ஐந்நூறாம் நம்பர் பட்டை.
எண் ஏற ஏறப் பட்டை மிருதுவாகும்:
ஆயிரம், இரண்டாயிரம், நாலாயிரம்,
அப்புறம்தான் குப்பியில் இருக்கிற பாலிஷ்.
கையால் தடவினால் தெரியாது,
நகத்தால் கேட்டால் சொல்லும்:
ஒவ்வொரு கீறலும் ஒரு பல்.
பளபளப்பு என்பது பொக்கை வாய்.
எண்ணெயில் அது சிரித்துக்கொண்டே போகும்,
எதையும் கடிக்காமல்.

டயரின் அடியில் யாராவது மெழுகு பூசுவார்களா மூன்சாமி?
கேட்கவில்லை. அவர் பாருக்குப் போயிருந்தார்.

ஐந்து பத்துக்கு லோட் ஷெடிங்.
ஜெனரேட்டர் பாதைகளுக்கு, பாருக்கு, ஸ்கோர் திரைக்கு.
என் அறைக்கு இல்லை.
ஆயிரத்தோடு சுழலி நின்றது.
இருட்டில் அது மூச்சிறங்குகிற சத்தம்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும்.
போன் வெளிச்சம் இருந்தது. துணி இருந்தது.
குப்பி கைக்கெட்டும் தட்டில்தான் இருந்தது.
கையாலேயே பூசியிருக்கலாம்,
ஒரு மணி நேரம் தாராளம்.
நான் டீ குடித்தேன்.

"என்ன இது, சாம்பல் பூசணி?"
"கரன்ட் போச்சு."
மழையை யாரும் திட்டுவதில்லையே, அந்த மாதிரி
அவர் கரன்டைத் திட்டவில்லை.
என்னைப் பார்த்தார்.

முதல் பந்து அவசரப்பட்டது,
தலைப் பின்னைத் தாண்டி இடப்புறம் விழுந்து மூன்றே மூன்று.
அடுத்ததற்கு இரண்டு பலகை தள்ளி நின்றார்.
வளைந்தது.
எண்ணெய் நடுவில்
எழுதி வைத்த இடம்போல் வளைந்தது.
ஸ்ட்ரைக். மறுபடி. மறுபடி.
பாரிலிருந்து யாரோ மேசையைத் தட்டினார்கள்.
நான் பெருமைப்படத் தொடங்கியிருந்தேன்,
அது தப்பு.

ஏனென்றால் எண்ணெய் ஒரே இடத்தில் நிற்பதில்லை.
எட்டுப் பேர் பந்துகள் மூன்று ஆட்டமாக அதைத் தின்கின்றன.
மூன்றாம் ஆட்டம் பாதியில் பாதை காய்ந்துவிட்டது.
பல்லுள்ள பந்து
பாதி வழியிலேயே எல்லாவற்றையும் கடித்துத் தீர்த்து,
பின்களிடம் போகும்போது களைத்திருந்தது.
அவர் கேட்ட கண்ணாடி
சரியாக இப்போதுதான் வேண்டும்.
ஆட்டத்தின் நடுவே மேற்பரப்பைத் தொடக் கூடாது என்பது விதி.
குப்பி இன்னும் தட்டில்.

நாலு பின்னில் தோற்றார்கள்.

பந்தைத் துடைத்தார்,
அதில் தன் முகத்தைத் தேடினார், பழக்கம்.
ஊதா மங்கலைத் தவிர ஒன்றுமில்லை.
பாதி வேலைக்குப் பாதிக் காசு என்றேன்.
முழுசாக வைத்தார்.
"அடுத்த செவ்வாய் என்ன பூசுவாய்?"
"எண்ணெயைப் பார்க்காமல் சொல்ல முடியாது."

வெளியே தெரு முழுக்க இருட்டு.
வண்டியில்தான் வந்திருக்கிறார், அந்த வண்டியில்.
பானட்டின் மேல் மழை
முத்து முத்தாக நின்று,
ஒரு இடத்தையும் பிடிக்காமல்
உருண்டுகொண்டிருந்தது.