இரண்டடியில் பாறை

போச்சம்பள்ளியிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர்,
இரண்டே முக்கால் சென்ட்.
பத்திரம் என் பேரிலும் இவர் பேரிலும்.
கடப்பாரை இரண்டடியில் ணங்கென்றது.
மேஸ்திரி சென்னகேசவன் கையைத் தட்டிக்கொண்டார்:
"அஸ்திவாரச் செலவு மிச்சம்மா,
பாறை மேலயே ஏத்திரலாம்."

எனக்குச் சிலிர்த்தது.
ஞாயிற்றுக்கிழமை, ஷீட் போட்ட சபையில்
சாட்சி சொல்ல எழுந்தேன்.
பாறைமேல் கட்டினவன் கதை உங்களுக்கெல்லாம் தெரியும்,
எனக்கு அது பட்டா நம்பரோடு கிடைத்திருக்கிறது என்றேன்.
அல்லேலூயா என்றார்கள்.
ஞானஸ்நானம் எடுத்து அப்போது ஏழு மாதம்.
எதைக் கண்டாலும்
எனக்கென்றே அனுப்பியது போலிருந்த காலம்.

அந்தக் கதையில்
கக்கூஸ் குழி யாரும் தோண்டவில்லை.

ஆறடி அகலம், எட்டடி ஆழம்.
கம்ப்ரஸர் வண்டிக்கு மணிக்கணக்கில் வாடகை.
முதல் நாள் ஒன்றரை அடி.
இரண்டாம் நாள் உளி முறிந்தது.
மூன்றாம் நாள் பாறையைத் திட்டினேன்,
பிறகு பாறையை அங்கே வைத்தவரை.
சத்தமாகத்தான். மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால்
ஒருவருக்கும் கேட்கவில்லை,
கேட்க வேண்டியவரைத் தவிர.

அரிசி டப்பாவுக்குள் ஒரு கவர் இருந்தது.
ஷூ கம்பெனிச் சம்பளத்தில் பத்தில் ஒன்று,
மூன்று மாதத்துடையது.
நாலாம் நாள் பணத்தைக் கம்ப்ரஸர்காரரிடம் கொடுத்துவிட்டுக்
கவரை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டேன்.
மேலே என் கையெழுத்தில் 'கர்த்தருக்கு' என்றிருந்தது.
அவர் எண்ணிப் பார்த்துவிட்டு
இருநூறு குறையுதே என்றார்.

நிலை வைத்த அன்று
இவர் மஞ்சள் பூசினார், எலுமிச்சை அறுத்தார்,
முனியப்பனை நினைத்து ஒரு ரூபாய்க் காசைக் குழியில் போட்டார்.
"உனக்கு ஒத்துக்கலைன்னா அந்தப் பக்கம் நில்லு."
நின்றேன்.
இவர் தேங்காய் எடுக்கத் திரும்பிய நேரத்தில்
ஈரக் கலவையில் ஆள்காட்டி விரலால்
ஒரு கோடு, குறுக்கே இன்னொரு கோடு.
சென்னகேசவன் பார்த்துவிட்டார்.
ஒன்றும் பேசாமல் மேலே ஒரு கரண்டி போட்டு மூடினார்.
காசும் சிலுவையும் ஒரே குழியில்,
நடுவே ஒன்றேகால் இன்ச் சிமெண்ட்.
கதவைத் தாங்குவது எது என்று
சபையில் கேட்டால் ஒரு பதில்,
இவர் அம்மாவைக் கேட்டால் வேறு பதில்.
நான் யாரையும் கேட்கவில்லை.

தளம் போட்டதும் தண்ணீர் காட்டும் வேலை எனக்கு.
இருபத்தோரு நாள்.
போர் எழுநூறு அடியிலும் புகைதான் விட்டது,
அதனால் டேங்கர் தண்ணீர்.
செகண்ட் ஷிப்ட் முடிந்து பதினொன்றரைக்குப் பஸ் இறக்கிவிடும்.
ஏணியேறி, பாத்தி கட்டிய தளத்தில்
குடம் குடமாக ஊற்றுவேன்.
முன்பு போல் ஜெபம் வரவில்லை.
கேட்பதற்கு என்னவோ நிறைய இருந்தது:
ஜன்னல் கம்பி, நகைக்கடன், இவர் மனசு.
வாயைத் திறந்தால் தண்ணீர்ச் சத்தம்தான் வந்தது.
காயவிட்டால் விரிசல் விடும் என்று
மேஸ்திரி சொன்னது தளத்தைப் பற்றி மட்டும்தான்.

ஒரு ராத்திரி ஏறிப் பார்த்தால்
பாத்தியெல்லாம் நிரம்பி நிலா கிடந்தது.
இவர் ஊற்றிவிட்டுத் தூங்கியிருக்கிறார்.
காலையில் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.
நானும் அதைச் சாட்சி சொல்லவில்லை.

குடிவந்து நாலு மாதம். பூச்சு வேலை பாதியில்.
குளிக்கும் அறைக்குக் கதவு, என் பழைய சேலை.
கவர் மறுபடி அரிசி டப்பாவில்,
இந்த மாதம் அதில் அறுபது ரூபாய்.
குழியிலிருந்து எடுத்த கல்லில் ஒன்று மட்டும்
யாராலும் உருட்ட முடியாமல் வாசலில் கிடக்கிறது.
துணி துவைக்க ஆகும் என்கிறார் இவர்.

எந்த ஊர்க் கால்களுக்கோ ஷிப்ட் முழுக்க ஷூ தைத்துவிட்டு வந்து
அதன்மேல் உட்காருகிறேன்.
பகல் வெயிலை இன்னும் விடாமல் வைத்திருக்கிறது.
செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கிறேன்.
உள்ளே போக இன்னும் கொஞ்ச நேரமாகும்.