வடக்கு: தேயிலை

நோர்வூட் பஸ் நிலையத்துக்கு எதிரே
பேக்கரிக்கு மேல்மாடியில் என் மேசை.
பிளான் ஒன்று வரைய நாலாயிரம்.
பாண் வேகும் வாசம் இலவசம்.

சனிக்கிழமை பின்னேரம்
நனைந்த குடையோடு ஏறி வந்தார் புஷ்பலீலா.
வட்டக்கல் தோட்டம், பணியக்கணக்கு,
ஏழாம் லயம், தொங்கல் காம்பரா.
பின்பக்கம் ஓர் அறை இறக்க வேண்டும்,
பத்துக்குப் பன்னிரண்டு.
சபைக்குக் கொடுக்கப் பிளான் வேண்டும்.

படிவத்தை விரித்தேன்.
உறுதி இலக்கம்?
இல்லை.
காணியின் பெயர்?
"காணிக்கு என்னங்க பேரு.
எங்க பேரையே செக்ரோல்ல
பிழையாத்தான் எழுதியிருக்கு."
வீதியின் பெயர்?
கொஞ்சம் யோசித்தார்.
"கொழுந்து லொறி வர்ற பாதை."
அப்படியே எழுதினேன்.

நான்கெல்லை கேட்டிருந்தார்கள்.
வடக்கு: தேயிலை.
கிழக்கு: தேயிலை.
தெற்கு: பீலிக்கான், அதற்கப்பால் தேயிலை.
மேற்கு: சத்தியசீலன் வீட்டுச் சுவர்,
அதுவும் சத்தியசீலனுடையது அல்ல.

தோட்டத்துக் கடிதம் கேட்டது சபை.
கம்பனியைக் கேட்கச் சொன்னார் துரை.
கம்பனி கொழும்பிலிருந்து ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதியது:
காணி அரசினுடையது, நாங்கள் குத்தகைக்காரர்.
அரசாங்கத்துக்கு எந்தக் கதவால் போவது என்று
கிராம சேவகரிடம் கேட்டால்
சபையில் விசாரிக்கச் சொல்லி
அவரும் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்.
"பஸ்ஸுக்குக் குடுத்த காசுல
மூணு மூட்டை சீமெந்து வாங்கியிருக்கலாம்."
சரி, கையில் உள்ள எல்லாக் காகிதத்தையும்
பின்னால் சேர்த்துக் குத்துவோம் என்றேன்.
படிப்பவருக்குத் தலை சுற்றட்டும்.

ஞாயிறு அளவு நாடாவோடு போனேன்.
வெறும் நிலத்தை அளக்கத்தான் போனேன்.
லயத்தைச் சுற்றி வந்தால்
அறை நிற்கிறது.
தகரம் போட்டு, கல் வைத்து, பூசி,
பல்ப் எரிய,
உள்ளே மருமகளின் பிள்ளை
தொட்டிலில் தூங்குகிறது.
"இது?"
"அது, மழைக்கு முந்தி எழுப்பிட்டோம்.
இன்னும் கட்டாத மாதிரி போட்டுருங்க."

நான் அளந்த லயங்களில்
பின்சுவரில் ஜன்னல் பார்த்ததில்லை.
இங்கே இருந்தது,
இரண்டடிக்கு மூன்று, பச்சைப் பெயின்ட்.
ஜன்னலுக்கு வெளியே வெட்டிய மண்மேடு.
நாடாவின் நுனியை மகன் பிடித்தான்.
பதினொரு அடி.
மண்சரிவுக்காரர் கேட்பது அதைவிட அதிகம்.
எவ்வளவு போடட்டும் என்று
நானாகத்தான் கேட்டேன். வெட்கம்தான்,
ஆனால் பலருக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

மேட்டைப் பார்த்தார்.
அடியில் அலவாங்கால் கான் வெட்டி
கல் அடுக்கியிருந்தார்கள்.
"பதினொண்ணே போடுங்க.
பொய் நம்பருக்கெல்லாம் மண்ணு நிக்காது."

இருப்பதை முழுக்கோட்டால் வரைய வேண்டும்.
வரப்போவதைப் புள்ளிக்கோட்டால்.
தொட்டிலைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக
நாலு பக்கமும் இழுத்தேன்,
ஜன்னலுக்கு மட்டும் இடைவெளி விட்டு.
மேலே எழுதினேன்: உத்தேச அறை.

கடைசிக் கேள்வி ஒன்று மிச்சம்:
வேலை ஆரம்பிக்கும் திகதி.
"என்னத்தப் போடுறது?" என்றார்.
என்னத்தைப் போடுவது?
உள்ளே போய்க் கலண்டரைக் கழற்றி வந்தார்.
கொடியில் காய்ந்த துணிகளுக்குக் கீழே
இருவரும் குனிந்து
அந்த அறைக்கு அத்திவாரம் போட
நல்ல நாள் தேடினோம்.
புதன்கிழமை ஒன்று கிடைத்தது,
ஒன்பதுக்கும் பத்தரைக்கும் நடுவே,
ராகுகாலம் இல்லை.

சாரல் அடித்தது.
உள்ளிருந்து யாரோ
ஜன்னலைச் சாத்தினார்கள்.