இடக்கையின் பங்கு

பெரியாஸ்பத்திரியில் எனக்கு இரவு வேலை.
எலும்பு முறிவு வாட், பதினொன்றாம் கட்டில்:
துறைமுகத்தில் கப்பல் ஏணியால் விழுந்தவன்.
பெயர் தெபானோ. ஊர்?
டொக்டர் தில்ருக்ஷி போனில் காட்டினா.
நீலம், நீலம், வெறும் நீலம்.
விரலால் விரித்து விரித்துப் பெருப்பித்தால்
யாரோ பேனையை உதறிவிட்ட மாதிரி
நாலைந்து புள்ளி.

அவன் பாஷை எனக்கில்லை.
"பெயின்?" என்பேன். "நோ பெயின்" என்பான்,
போர்வை நுனியைக் கடித்துக்கொண்டு.

கமால்தீன் நானாவின் மகள் கேக் கொண்டுவந்த அன்று
பெட்டியைக் கட்டியிருந்த சிவப்பு வெள்ளை நூலைக்
கைநீட்டிக் கேட்டான்.
இரண்டு நுனியையும் சேர்த்து முடி என்றான், சைகையால்.
முடிந்து கொடுத்தேன்.
வலக்கை விரல்களில் மாட்டினான்.
இடக்கை தோள்வரை பிளாஸ்டர்.
அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்,
சம்பள நாளில் வேலைக்கு வராத கூட்டாளியைப் பார்ப்பதுபோல.
பிறகு என்னைப் பார்த்தான்.

பெட்பான் கழுவிய கை, சோப்பு மணம் போகவில்லை.
கட்டில் விளிம்பில் குந்தினேன்.
என் இடக்கை அவன் இடக்கையானது.
நாடியால் காட்டுவான்:
சுண்டுவிரல். கீழால் போ. கொளுவு. விடு. இழு.
மூன்று தரம் சிக்கு.
நாலாந்தரம்
அவன் கைக்கும் என் கைக்கும் நடுவில்
சாய்சதுரம் சாய்சதுரமாய் விரிந்து நின்றது.

"ஜன்னல் கிராதி" என்றார் கமால்தீன் நானா.
ஒன்பதாம் கட்டில் காவல்காரர் வேலி என்றார், சிங்களத்தில்.
எனக்கு அது மோதரையில் காயப்போட்ட வலை.
தெபானோ சொன்ன சொல் மட்டும்
ஒருவருக்கும் விளங்கவில்லை.
அதுதான் சரியான பெயராக இருக்கும்.

ஆபிரிக்காவிலும் உண்டாம், டொக்டர் வாசித்துச் சொன்னா.
பனிநாட்டிலும் உண்டாம்.
அங்கே சில இடங்களில் கோடையில் போடமாட்டார்களாம்,
சூரியனின் கால் நூலில் சிக்கிவிடுமென்று.
"அப்ப இங்க நல்லாப் போடுங்க,
சித்திரை வெயில் கொஞ்சம் சிக்கட்டும்" என்றார் நானா.
இத்தனை கடல் தாண்டி
யார் யாருக்குக் காட்டிக்கொடுத்தது?
ஒருத்தரும் காட்டாமலும் இருந்திருக்கலாம்.
ஒரு முழக் கயிறும் பத்து விரலும்
தூக்கம் வராத இரவும்
எல்லா ஊரிலும் இருக்கிறதுதானே.

பதினாலாம் கட்டில் போனது விடியப்புறம் மூன்று மணிக்கு.
சொந்தக்காரர் அநுராதபுரத்திலிருந்து
வந்துகொண்டிருந்தார்கள்.
முகத்தை மூடி, ஸ்கிரீனை இழுத்து
தள்ளுவண்டிக்குக் காத்து நின்றேன்.
தெபானோ முழித்திருந்தான்.
வலக்கையைத் தூக்கினான், நூலோடு.
"இப்பவா?" என்றேன், தமிழில்தான்.
நாடி அசைந்தது.

இதுவரை போடாத உருவம்.
வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான், பாட்டோ எண்ணிக்கையோ.
ஒரு தரமும் சிக்கவில்லை.
என் விரல்கள் தாமாக வளைந்தன,
எனக்கு முதலே தெரிந்ததுபோல.
முழுதாய் விரிந்ததும்
பெருவிரலை விடு என்றான்.
விட்டேன். இழுத்தான்.
அத்தனையும் வழுகி வெறும் வளையமாய்த் தொங்கியது.
முடிச்சென்று இருந்தது
நான் போட்ட ஒன்றே.
ஸ்கிரீன் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டினான்,
பஸ் ஏற்றிவிட்ட ஆள் மாதிரி.
கேட்க எனக்குப் பாஷையில்லை.
இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

ஏஜன்ட் வந்து அவனைக் கூட்டிப்போனது
நான் லீவில் நின்ற நாள்.
பதினொன்றில் இப்போது ஒரு ஆட்டோக்காரர்,
கால் தொங்கப்போட்டபடி.
கட்டில் கம்பியில் கட்டியிருந்தது நூல்.
அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டேன்.

விடிய மட்டக்குளி பஸ்ஸில்
யன்னலோரச் சீட்டில் போட்டுப் பார்க்கிறேன்.
இடக்கைக்கு எல்லாம் தெரிகிறது,
கீழால் போகிறது, கொளுவுகிறது, விடுகிறது.
வலக்கை
ஆவென்று பார்த்துக்கொண்டிருக்கிறது.
கண்டக்டர் வந்தான்.
நூலுக்கு நடுவில்
மீதிக்காசை வைத்துவிட்டுப் போனான்.