காய்ச்சல் ராத்திரி, ராணிப்பேட்டை

ஞானஸ்நானத்தில் கார்னீலியஸ்.
தோட்டக்கார முனுசாமி வாயில் அது நுழையாமல்
கர்ணன் ஆயிற்று. பிறகு எல்லோருக்கும் கர்ணன்.

அன்றைக்கு நூற்று மூன்று டிகிரி.
டாக்டர் துரை காலரா என்று திமிரிக்குப் போயிருந்தார்.
துரைசானி ஈரத்துணி பிழிந்து பிழிந்து வைக்க
பிள்ளை பிதற்றினான், முழுக்கத் தமிழில்.
முன்ஷியிடம் படித்த வேதாகமத் தமிழ் அவளுடையது.
இவனுடையது சமையல்கட்டுத் தமிழ்.

"என்ன சொல்கிறான், எஸ்தர்?"
"பாலாத்துல தண்ணி வந்துட்டதாம்மா."
"இப்போது?"
"ஆட்டுக்குட்டிக்குத் தழை வேணுமாம்."

மலைப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்றதை மட்டும்
நான் சொல்லவில்லை.
ஜனவரியில் காட்பாடியில் ரயில்.
டிரங்குப் பெட்டியில் பெயர்கூட எழுதியாகிவிட்டது.

விடியற்காலம், கண் திறவாமலே,
"அம்மா" என்றான்.

அதற்கு அர்த்தம் கேட்கவில்லை அவள்.
ஊரே அவளை அப்படித்தான் கூப்பிடுகிறது,
அவன் ஒருவன் தவிர.
அவனுக்கு அவள் மம்மி.

நான் கதவோரம் நகர்ந்துகொண்டேன்.
அவள் எழுந்து வந்து
ஈரத்துணியை என் கையில் வைத்துவிட்டு
வராந்தாவில் போய் நின்றாள்,
செருப்பில்லாமல்.

காரையில் என் மகளுக்கும் அன்று காய்ச்சலாம்.
மறுநாள்தான் தெரிந்தது.
என்ன பிதற்றினாள் என்று
யாரும் சொல்லவில்லை.