துடைப்ப வாரம்

அஞ்சலட்டையில் என் சன்னல் இருக்கிறது.
ஒன்று தொண்ணூறு சென்ட்,
மூன்றாக வாங்கினால் இரண்டு யூரோ ஐம்பது.
பாலத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது வீடு,
கறுத்த மரச்சட்டங்களுக்கு நடுவே
சிவப்பு ஜெரேனியம் வழிகிற அதுதான்.
பூக்கள் எனக்கு முன்பு குடியிருந்தவருடையவை.
நான் வைத்தவை ஜூனிலேயே கருகின.
வீட்டுக்காரர் ஓட்டன்பாகர் கடிதம் போட்டார்:
'சன்னலில் பூ இருப்பது நல்லது.'
நல்லது என்பதற்குக் கீழே
அடிக்கோலால் இழுத்த ஒரு கோடு.

வாசல் மணிப் பலகையில்
ஒன்பது ரோமன் எழுத்துக்குத்தான் இடம்.
தில்லைக் வரை உள்ளே வந்துவிட்டேன்.
அரசி தெருவில் நிற்கிறாள்.

காலை பத்து மணிக்கு
மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்தபடி
வழிகாட்டி வருவார், பின்னால் நாற்பது பேர்.
பெருந்தீயில் தப்பிய தெரு என்பார்.
எல்லாரும் அண்ணாந்து பார்க்கும் நேரத்தில்தான்
எனக்குக் கடுகு வெடிக்கும்.
இரவு ஷிஃப்டில்
முந்நூறு வால்வுகளைச் சோதித்துவிட்டு வந்தவள்
திரைக்குப் பின்னால் நின்று
சட்டியை மூடுகிறேன்,
தீயே நான்தான் என்பதுபோல.

சனிக்கிழமை காலையில்
கதவின் கைப்பிடியில் பலகை தொங்கும்.
துடைப்பம் வரைந்த சின்ன மரப்பலகை.
இந்த வாரம் உன் முறை என்று அர்த்தம்.
நாற்பத்திரண்டு படி,
பிறகு நடைபாதை, சாக்கடை மூடி வரை.
முதல் முறை பெருக்கி முடித்து நிமிர்ந்தபோது
கீழ்வீட்டு ஃபிரௌ ஷெம்ப் வந்து பார்த்தார்.
ஒரே சொல் சொன்னார்:
மூலை.
வகுப்பில் 'காலை வணக்கம்' நடத்திக்கொண்டிருந்தார்கள்.
எனக்கு இந்த மொழி மூலையிலிருந்து தொடங்கியது.

நவம்பரில் பலகை என்னிடம் வரவில்லை.
மூன்று வாரமாய் அவர் கதவிலேயே தொங்கியது.
தபால்காரர் டெஸ்ஃபாய்தான் சொன்னார்,
எரித்திரிய ஜெர்மனில், எனக்குப் புரிகிற ஜெர்மனில்:
பெட்டி நிரம்பிவிட்டது. இடுப்பெலும்பு. ஆஸ்பத்திரி.
கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.
என் வாரம், அவர் வாரம்,
மறுபடி என் வாரம்.
யாரும் சரிபார்க்காத மூலைகளை
இரண்டு தடவை பெருக்கினேன்,
ஏனென்று தெரியவில்லை.

அட்வெண்ட் சந்தை தொடங்கிய சனிக்கிழமை.
ஒருவர் முக்காலியை நிறுத்தி
என்னைப் பார்த்துக் கையசைத்தார்,
கொஞ்சம் தள்ளி என்று.
படத்துக்குள் நிற்கிறேனாம்.
தள்ளினேன். இங்கே வந்ததிலிருந்து
நிறையத் தள்ளியிருக்கிறேன்,
வரிசையில், பஸ்ஸில், வாக்கியத்தின் கடைசியில்
வினைச்சொல்லுக்கு இடம் விட்டு.

தலைக்கு மேலே சன்னல் படாரெனத் திறந்தது.
'அங்கே இலை கிடக்கிறது!
சாக்கடை மூடி வரை என்று எத்தனை தடவை சொல்வது!'
ஃபிரௌ ஷெம்ப். எப்போது வந்தார்?
ஊன்றுகோலை ஆட்டி ஆட்டி
தெருவே கேட்க என்னைத் திட்டினார்,
சொந்த வீட்டு ஆளைத் திட்டுவதுபோல்.
படக்காரர் தன்னைத்தான் என்று நினைத்து
முக்காலியை மடக்கினார்.

நான் திரும்பிப் போய்
அவர் நின்ற இடத்தில் நின்று
அந்த ஓர் இலையைப் பெருக்கினேன்.

புதன்கிழமை ஜெரேனியம் வாங்கினேன்.
பிளாஸ்டிக். பன்னிரண்டு யூரோ.
கீழிருந்து பார்த்தால் தெரியாது.
ஓட்டன்பாகரிடமிருந்து இன்னும் கடிதம் இல்லை.
ஃபிரௌ ஷெம்புக்கு மட்டும் தெரியும்.
ஜனவரிப் பனியில்
சிவப்பாய்ப் பூத்து நிற்பதைப் பார்த்துவிட்டு
ஒன்றும் பேசாமல் உள்ளே போனார்.
சாயங்காலம் என் கதவுக்கு முன்னால்
பூவாளி ஒன்று இருந்தது,
காலியாக.